நிலையத்தின் பெயரைக் கூவியவர்கள்

1890 டிசம்பரில் லண்டன் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஒரு ரயிலின் பெட்டிகளில் ஜன்னல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கூரையை ஒட்டி ஒடுக்கமாக ஒரு கண்ணாடிக் கீற்று, அவ்வளவுதான். சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே என்ற அந்த நிறுவனம், தேம்ஸ் நதிக்கும் அடியில் இரும்பு வளையங்களைப் பூட்டிக் கட்டிய குழாய்க்குள் மின்சார ரயிலை விட்டிருந்தது. இருட்டுக் குழாய்க்குள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, ஜன்னல் எதற்கு என்று நினைத்துவிட்டார்கள். இருக்கையின் சாய்மானத்தை மட்டும் உயரமாக மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். புத்தி பேதலித்தவர்களை அடைத்துவைக்கும் மெத்தை அறையின் பெயரையே அந்தப் பெட்டிகளுக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள் லண்டன்காரர்கள்.

அப்படிப்பட்ட பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஆள் போட்டார்கள். இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் திறந்த மேடையும் கம்பிக் கதவும் இருந்தன. அங்கே ஒருவர் நின்றார். ரயில் நின்றதும் கதவைத் திறப்பார், நிலையத்தின் பெயரை உரக்கக் கூவுவார், ஏறி இறங்கி முடிந்ததும் கதவைச் சாத்துவார். கேட்மேன் என்று பெயர். ஆழ்குழாய் ரயிலின் முதல் அறிவிப்பாளர் இவர்தான். நாள் முழுக்கச் சுரங்கத்தின் புழுக்கத்திலும் சக்கரங்களின் இரைச்சலிலும் நின்றுகொண்டு அதே ஆறு நிலையங்களின் பெயரைத் திரும்பத் திரும்பக் கத்தியவர். ரயில்வே வரலாறுகளில் பொறியாளர்களின் பெயர் இருக்கிறது, முதலீட்டாளர்களின் பெயர் இருக்கிறது. இவர்களின் பெயர் இல்லை.

மெட்ரோ ரயிலில் இன்று நாம் கேட்கும் பதிவுக் குரலை எல்லோரும் தொழில்நுட்பத்தின் கதையாகவே சொல்கிறார்கள். லண்டனின் கதையை நெருங்கிப் பார்த்தால் அது வேலையாட்களின் கதை. பதிவுக் குரல் வந்து உட்கார்ந்த இடம் ஒவ்வொன்றும், அதற்கு முன் ஒரு ஆள் நின்ற இடம்.

கேட்மேன்களுக்குச் சம்பளம் கொடுத்து மாளவில்லை. ரயில் நீளமாக நீளமாக ஆட்களும் கூடினார்கள். 1920-களில் காற்றழுத்தத்தால் தானாகத் திறந்து மூடும் கதவுகள் வந்தபோது அந்த வேலை முடிவுக்கு வந்தது. ரயிலில் மிஞ்சியவர்கள் ஓட்டுநரும், கதவுகளை இயக்கும் கார்டும். பிறகு கார்டும் போனார். 1968 செப்டம்பரில் திறந்த விக்டோரியா பாதையில் ரயில் தானாகவே ஓடியது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரே ஒருவர் கதவை மூடிப் பொத்தானை அழுத்தினால் போதும். மற்றப் பாதைகளிலும் ஒவ்வொன்றாகக் கார்டுகள் விலக, 2000 ஜனவரியில் நார்தர்ன் பாதையின் கடைசி கார்டும் இறங்கிவிட்டார்.

ஆள் குறைந்ததே தவிர, சொல்ல வேண்டிய சேதி குறையவில்லை. அதை யார் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

இயந்திரத்தைப் பேசவைக்கும் முயற்சி நாம் நினைப்பதைவிடப் பழையது. லண்டன் சுரங்க ரயிலின் முதல் நகரும் படிக்கட்டு 1911-ல் ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் ஓடியது. அடுத்த பத்தாண்டுகளில் கூட்டம் பெருகியது. படிக்கட்டில் ஏறிய உடனே அசையாமல் நின்றுவிடுகிறவர்கள் பின்னால் அவசரமாக வருகிறவர்களை மறித்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் ஸ்டென்டர்ஃபோன் என்ற கருவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். இசைத்தட்டில் பதிந்த குரலை அழுத்தப்பட்ட காற்றின் துணையால் பெரிதாக்கி ஒலிக்கும் கருவி அது. நிற்பதாக இருந்தால் வலப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், அவசரமாகப் போகிறவர்களுக்கு வழிவிடுங்கள் என்று அது சொன்னது. கருவி நிலைக்கவில்லை. அது சொன்ன பழக்கம் நிலைத்துவிட்டது. லண்டனில் நகரும் படிக்கட்டின் இடப்பக்கம் நிற்கும் வெளியூர்க்காரரை இன்றும் உள்ளூர்க்காரர்கள் முறைத்துப் பார்ப்பார்கள்.

உலகம் முழுக்கப் பேர் வாங்கிய அறிவிப்பு வேறொன்று. ‘மைண்ட் த கேப்’. ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துக் கால் வை என்கிற மூன்றே சொல். தேநீர்க் கோப்பையிலும் பனியனிலும் அச்சடித்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் அளவுக்கு அது புகழ் பெற்றது. அந்த இடைவெளி ஏன் வந்தது என்பதற்கு நிலத்தின் உரிமையாளர்கள் வரை போக வேண்டும்.

தனியார் நிறுவனங்கள் சுரங்கம் தோண்டிய காலத்தில், ஒருவருடைய கட்டடத்துக்கு அடியில் குழாய் போனால் அவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. பொதுச் சாலைக்கு அடியிலேயே போனால் அந்தச் செலவு மிச்சம். ஆகவே மேலே தெரு வளைந்த இடத்தில் கீழே குழாயும் வளைந்தது. தெரு ஒடுங்கிய இடத்தில் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட முடியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். 1900-ல் திறந்த சென்ட்ரல் லண்டன் ரயில்வேயில் இதை நேரிலேயே பார்க்கலாம். அதன் பேங்க் நிலையத்தில் நடைமேடை எப்படி வளைகிறது என்றால், ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது.

நடைமேடையை வளைத்துக் கட்டலாம். பெட்டியை வளைக்க முடியாது. ஏறத்தாழ 16 மீட்டர் நீளமுள்ள நேரான பெட்டி வளைந்த மேடையின் ஓரம் வந்து நிற்கும்போது, மேடை உட்குழிந்திருந்தால் பெட்டியின் நடுப்பகுதி விலகி நிற்கும், மேடை வெளியே புடைத்திருந்தால் பெட்டியின் இரு முனைகளும் விலகி நிற்கும். இரண்டில் எதுவானாலும் ஏதோ ஒரு கதவுக்கு முன்னால் ஒரு காலே உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம்.

இந்தக் கட்டுரையில் திரும்பவும் வரப்போகும் நிலையம் எம்பாங்க்மென்ட். தேம்ஸ் கரையை ஒட்டியது. 1914 ஏப்ரலில், பின்னாளில் நார்தர்ன் பாதையோடு சேர்ந்த ஹாம்ஸ்டெட் பாதையை அதுவரை நீட்டியபோது ரயிலைத் திருப்புவதற்கு ஒரு வளையம் போட்டார்கள். வடக்கிலிருந்து வரும் ரயில் நதிக்கு அடியில் போய் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே வடக்கு நோக்கித் திரும்பிவிடும். நடைமேடை அந்த வளையத்தின் மேலேயே அமைந்தது. 1926-ல் பாதையைத் தெற்கே கென்னிங்டன் வரை கொண்டுபோனபோது வளையம் தேவையற்றுப் போனது. தெற்கே போகும் ரயில்களுக்குப் புதிய நடைமேடை கட்டினார்கள். வடக்கே போகும் ரயில்களுக்குப் பழைய வளைந்த மேடையையே வைத்துக்கொண்டார்கள். ஒரே நிலையத்தில் ஒரு பக்கம் எச்சரிக்கை தேவைப்படுவதற்கும் மறுபக்கம் தேவைப்படாததற்கும் காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட நடைமேடைகளில் ஊழியர்களும் ஓட்டுநர்களும் வாயால்தான் எச்சரித்துவந்தார்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும் இடத்தில், காலை முதல் நள்ளிரவு வரை ஒருவர் எத்தனை முறைதான் சொல்வார்? 1968 வாக்கில் தானியங்கி அறிவிப்புக்குப் போவது என்று முடிவெடுத்தார்கள். ஒலிநாடா தேயும், அறும், தூசு பிடிக்கும். அசையும் பாகம் இல்லாமல், குரலை எண்களாக மாற்றி மின்னணுச் சுற்றுகளில் சேமிக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் கருவி அது.

அன்றைக்கு அது எவ்வளவு துணிச்சலான முடிவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு வினாடிப் பேச்சைத் தொலைபேசித் தரத்தில் எண்களாக மாற்றினாலே 64,000 பிட் இடம் வேண்டும். இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1970-ல் இன்டெல் நிறுவனம் பெரிய சாதனையாக விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற நினைவகச் சில்லு கொண்டது 1,024 பிட். அந்தக் கணக்கில் ஒரே ஒரு வினாடிக் குரலுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட சில்லுகள் தேவைப்படும். ஒவ்வொரு அசைக்கும் காசு. நடைமேடையில் எழுதிவைக்கவும் வசதியாகச் சுருக்கமான வாசகம் வேண்டும் என்றார்கள். ‘தயவுசெய்து’ கூட இல்லாமல் மூன்று சொல்லோடு அந்த வாசகம் நின்றதற்கு, பிரிட்டிஷாரின் சிக்கனமான பேச்சு காரணம் என்று சிலர் எழுதுவதுண்டு. சேமிப்பகத்தின் விலைதான் காரணம்.

பதிவு செய்யும் வேலை பீட்டர் லாட்ஜ் என்ற ஒலிப்பொறியாளரிடம் வந்தது. லண்டனின் பேஸ்வாட்டர் பகுதியில் ரெடான் ரெக்கார்டர்ஸ் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திவந்தவர். நடிகர் ஒருவரை வரவழைத்து, இடைவெளி பற்றிய வாசகத்தையும் கதவை விட்டு விலகி நிற்கச் சொல்லும் வாசகத்தையும் பேசவைத்துப் பதிந்தார்கள். வேலை முடிந்தது என்று நினைத்தபோது அந்த நடிகர், தன் குரல் ஒலிக்க ஒலிக்க உரிமைத்தொகை வேண்டும் என்று கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டு மறுபதிவுக்கு ஏற்பாடு செய்தார்கள். கருவியின் ஒலி அளவைச் சரிபார்ப்பதற்காக லாட்ஜ் தன் குரலிலேயே அந்த வாசகங்களைப் பேசிப் பதிந்துவைத்திருந்தார். கடைசியில் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஒத்திகைக்குப் பேசிய பொறியாளரின் குரல் பல ஆண்டுகள் லண்டன் பயணிகளை எச்சரித்தது.

அந்த நடிகர் கேட்டது அநியாயமான ஒன்றல்ல. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை, எத்தனை ஆண்டுகள் என்று தெரியாமல் ஒலிக்கப்போகும் குரலுக்கு ஒருநாள் கூலி போதுமா என்பது நேர்மையான கேள்வி. கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்டவரை மாற்றிவிட்டார்கள்.

நார்தர்ன் பாதையில் ஒலித்தது வேறொரு குரல். ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகர் 1960-களின் கடைசியில் பதிவு செய்து கொடுத்தது. பெயர் பரவலாகத் தெரிந்த நடிகர் அல்ல அவர். நாடக மேடைக்குப் பயின்ற கம்பீரமான குரல், முதல் சொல்லை அழுத்தி, கடைசிச் சொல்லை இழுத்து நிறுத்தும் பழைய பாணி. வேலைக்குப் போகும் லட்சக்கணக்கானவர்கள் பேர் தெரியாமலேயே அதைத் தினமும் கேட்டார்கள். காலப்போக்கில் புதிய கருவிகள் வர, ஒவ்வொரு நிலையமாக அவருடைய குரல் விலக்கப்பட்டது. கடைசியாக மிஞ்சியது எம்பாங்க்மென்ட் நிலையத்தில், 1914-ல் வளைந்த அந்த வடக்கு நடைமேடையில்.

லாரன்ஸ் 2007-ல் இறந்துபோனார். அவர் மனைவி ஒரு மருத்துவர். கணவர் போன பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எம்பாங்க்மென்ட் நடைமேடையில் உட்கார்ந்து அவர் குரலைக் கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று. சில நாள் வந்த ரயிலை விட்டுவிட்டு, இன்னொரு முறை கேட்பதற்காகவே அடுத்த ரயில் வரும்வரை காத்திருப்பார். 2012 நவம்பரில் ஒருநாள் போனபோது வேறு குரல் பேசியது. நிலைய ஊழியர்களிடம் விசாரித்தார். புது ஒலிபெருக்கி முறை வந்துவிட்டது, பழைய பதிவு அதில் ஓடாது என்றார்கள். அந்தப் பதிவின் ஒரு பிரதி கிடைக்குமா என்று லண்டன் போக்குவரத்து நிறுவனத்திடம் கேட்டார்.

ஒரு பெரிய நிறுவனம் இதற்கு ஒரு வரியில் வருத்தம் தெரிவித்துக் கடிதம் போட்டு முடித்திருக்கலாம். அங்கிருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. பழைய பதிவைத் தேடி எடுத்தார்கள். இரைச்சலை நீக்கிப் புதிய முறையில் ஓடும்படி மாற்றினார்கள். குறுந்தகடு ஒன்றில் போட்டு அந்த அம்மையாரிடம் கொடுத்தார்கள். அதோடு நிற்காமல், 2013-ல் எம்பாங்க்மென்ட் வடக்கு நடைமேடையில் லாரன்ஸின் குரலையே மறுபடியும் ஒலிக்கவிட்டார்கள். பக்கத்து நிலையங்களில் வேறு குரல், இந்த ஒரு மேடையில் மட்டும் இவர் குரல். சுரங்க ரயிலின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றில் ஊழியர்கள் செய்த நல்ல காரியங்களில் இதை முன்வரிசையில் வைக்கலாம்.

மற்றப் பாதைகளின் குரல்களுக்கும் உடைமையாளர்கள் உண்டு. பிக்காடில்லி பாதையில் பல ஆண்டுகள் ஒலித்தது டிம் பென்டிங்க்கின் குரல். பிபிசி வானொலியில் 1950-களிலிருந்து விடாமல் ஒலிபரப்பாகும் ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற கிராமத்துத் தொடர் நாடகத்தில் 1982 முதல் நடித்துவருபவர். ஃபில் சேயர் என்ற வானொலி அறிவிப்பாளரின் குரல் சுரங்க ரயிலிலும் மேல்தள ரயில் நிலையங்களிலும் கேட்டது. 2016-ல் அவர் இறந்தபோது, இந்தச் சேவை இத்துடன் முடிவடைகிறது என்கிற ரயில் அறிவிப்பின் பாணியிலேயே அவர் மனைவி உலகத்துக்குத் தெரிவித்தார்.

சேயரைப் போன்றவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்த வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ரயில் நிலைய அறிவிப்பை முழு வாக்கியமாக யாரும் பேசி வைப்பதில்லை. எண்கள் தனி, ஊர்ப்பெயர்கள் தனி, ‘தாமதமாக வருகிறது’ போன்ற துண்டுகள் தனி. கணினி அவற்றைப் பொறுக்கிக் கோக்கிறது. ஒரே ஊர்ப்பெயரைக் குறைந்தது இரண்டு விதமாகச் சொல்லவேண்டும். பட்டியலின் நடுவில் வந்தால் குரல் இறங்காமல் நிற்க வேண்டும், கடைசியில் வந்தால் தணிந்து முடிய வேண்டும். தமிழிலும் ‘செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி’ என்று சொல்லிப் பார்த்தால் இது தெரியும். நடுவில் வர வேண்டிய திருச்சியைக் கடைசியில் ஒட்டினால் அறிவிப்பு அந்தரத்தில் தொங்கும். ஆயிரக்கணக்கான பெயர்களை, காலையில் தொடங்கிய அதே சுருதியிலும் அதே வேகத்திலும் மாலைவரை சொல்லிக்கொண்டே இருப்பது தொண்டைக்கு மட்டுமல்ல, கவனத்துக்கும் கடுமையான வேலை.

ரயிலுக்குள் ஒலிக்கும் அறிவிப்புக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தான் எங்கே இருக்கிறோம் என்று ரயிலுக்குத் தெரிய வேண்டும். சுரங்கத்துக்குள் செயற்கைக்கோள் எட்டாது. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணித் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் சக்கரம் தேயும். தேயத் தேயச் சுற்றளவு குறைந்து கணக்குப் பிசகும். அதனால் தண்டவாளத்தின் ஓரம் ஆங்காங்கே அடையாளக் கருவிகளைப் பொருத்தி, அவற்றைக் கடக்கும்போது கணக்கைத் திருத்திக்கொள்ளச் செய்கிறார்கள். இந்தத் தொடர்பு எங்கேயாவது அறுந்தால், தாண்டிப்போன நிலையத்தை அடுத்த நிலையம் என்று அதே நிதானமான குரலில் ரயில் சொல்லும்.

தவறான அறிவிப்பால் யாரோ ஒருவர் ஒரு நிலையம் தள்ளி இறங்குவது சின்ன விஷயம். அறிவிப்பு உயிர்ப் பிரச்சினையாகும் நேரமும் உண்டு. 1987 நவம்பர் 18 மாலை, கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் தீப்பிடித்தது. கீழே இருந்த பயணிகளை விக்டோரியா பாதையின் படிக்கட்டு வழியாக மேலே அனுப்பினார்கள். அந்த வழி போய்ச் சேர்ந்தது பயணச்சீட்டு மண்டபத்தில். 7:45 மணிக்கு நெருப்பு ஒரே மூச்சில் அந்த மண்டபத்துக்குள் பாய்ந்தது. 31 பேர் இறந்தார்கள். மண்ணுக்கு அடியில் நிற்பவருக்கு எந்த வழி பாதுகாப்பு என்று தானாகத் தெரியாது, சொன்னால்தான் தெரியும். டெஸ்மண்ட் ஃபென்னல் தலைமையிலான விசாரணை அறிக்கை அடுத்த ஆண்டு வந்தது. நிலையங்களின் தகவல் தொடர்பு வசதிகளையும் அது துருவிப் பார்த்தது. 1989-ல் தரைக்கடியில் உள்ள ரயில் நிலையங்களுக்கென்றே தீத்தடுப்பு விதிகள் வந்தன.

லண்டன் நிலையங்களில் எப்போதாவது ஒரு விசித்திரமான அறிவிப்பு கேட்கும். இன்ஸ்பெக்டர் சாண்ட்ஸ் உடனே கட்டுப்பாட்டு அறைக்கு வரவேண்டும் என்று. அப்படி ஒரு அதிகாரி கிடையாது. தீ எச்சரிக்கைக் கருவி இயங்கியதும் தானாக ஒலிக்கும் பதிவு அது. பயணிகள் பதறாமல் ஊழியர்கள் மட்டும் உஷாராவதற்கான சங்கேதம். நாடக அரங்குகளிலும் தீக்கு இதே போன்ற பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கம் இருந்தது. நெருப்பணைக்க வைத்திருந்த மணல் வாளியிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

1990-களுக்குப் பிறகு பதிவுக் குரல் பரவியதற்குச் சிக்கனம் மட்டும் காரணமல்ல. பார்வையற்றவர்கள் அதுவரை நிலையங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டும்தான் போய்வந்தார்கள். பிரிட்டனில் 1995-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. அதையொட்டி 1998-ல் வந்த ரயில் பெட்டி விதிகள், புதிய ரயில்களில் அடுத்த நிலையத்தின் பெயர் காதுக்குக் கேட்கவும் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்றன. கேட்மேன் போன பிறகு பல பத்தாண்டுகள் நல்ல மனது இருந்தால் செய்யும் உபகாரமாக இருந்த ஒன்று, அப்போதுதான் சட்டத்தின் கடமையாகத் திரும்பி வந்தது.

வேறு நகரங்களுக்கு வேறு ஏற்பாடுகள். மாஸ்கோவில் நகர மையத்தை நோக்கிப் போகும் ரயிலில் ஆண் குரல், மையத்திலிருந்து வெளியே போகும் ரயிலில் பெண் குரல். வட்டப்பாதையில் ஒரு திசைக்கு ஆண், எதிர்த்திசைக்குப் பெண். பார்வையற்ற ஒருவர் தவறான திசையில் ஏறியிருந்தால் குரலைக் கேட்டே தெரிந்துகொள்வார். நியூயார்க்கில் 2000 வாக்கில் வந்த புதிய ரயில்களுக்கு ப்ளூம்பெர்க் வானொலியின் அறிவிப்பாளர்கள் குரல் கொடுத்தார்கள். மூடும் கதவை விட்டு விலகி நிற்கச் சொல்லும் சார்லி பெல்லட் அவர்களில் ஒருவர்.

இந்தியாவின் முதல் சுரங்க ரயில் 1984 அக்டோபரில் கொல்கத்தாவில் ஓடியது. அறிவிப்புக் குரலுக்குப் பேர் கிடைத்தது டெல்லியில். 2002 டிசம்பர் 24-ல் தொடங்கிய டெல்லி மெட்ரோவில் இந்திக்கு ஷம்மி நாரங், ஆங்கிலத்துக்கு ரினி சைமன் கன்னா. இருவரும் தூர்தர்ஷனில் செய்தி வாசித்தவர்கள். நாடு முழுக்க ஒரே அலைவரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வீடுகளுக்குள் பழகிய குரல்கள், டெல்லிக்காரர்களின் காலைப் பயணத்துக்குள் வந்துவிட்டன.

தமிழ், சென்னையில் மண்ணுக்கடியில் ஓடும் ரயிலில் கேட்கத் தொடங்கியது 2017 மே 14-க்குப் பிறகு, திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் நடுவே. சிங்கப்பூர்த் தமிழர்கள் அதற்கு முன்பே சுரங்க நிலையங்களில் தமிழைக் கேட்டுவிட்டார்கள். அங்கே ஆட்சிமொழிகள் நான்கு என்பதால் பாதுகாப்பு அறிவிப்புகள் ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ் என்று வரிசையாக வரும். உறவினர் வீட்டுக்குப் போகும் நம்மூர்க்காரர் முதல்முறை அதைக் கேட்டு நிமிர்ந்து பார்ப்பது இயல்பு.

மனிதக் குரல் முற்றாகப் போய்விடவில்லை. தாமதம், விபத்து, மாற்றுப் பாதை என்று வந்தால் லண்டன் ஓட்டுநர்கள் இன்றும் ஒலிவாங்கியை எடுத்துப் பேசுகிறார்கள். 2009-ல் ஜெரமி டெல்லர் என்ற கலைஞர், பிக்காடில்லி பாதை ஓட்டுநர்களுக்கு மேற்கோள்கள் அடங்கிய சிறு புத்தகம் ஒன்றைத் தொகுத்துக் கொடுத்தார். விருப்பப்பட்டவர்கள் அறிவிப்போடு சேர்த்து அதிலிருந்து ஒரு வரியை வாசிக்கலாம். ஓட்டுபவரும் ஒரு மனிதர் என்று பயணிகளுக்குத் தெரிவிக்க இதைவிட நல்ல வழி அதிகமில்லை.

இன்னொரு பக்கம் பதிவுக் குரல் அளவு மீறவும் செய்தது. எதையும் ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு செலவே இல்லை என்பதால் அறிவிப்புகள் பெருகின. படி வழுக்கும், தண்ணீர் பாட்டில் எடுத்துவாருங்கள், சந்தேகப்படும் பொருளைக் கண்டால் சொல்லுங்கள் என்று ஓயாமல் பேசும் நிலையத்தில், உண்மையிலேயே கேட்க வேண்டிய ஒன்றையும் காது தள்ளிவிடுகிறது. 2022 ஜனவரியில் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சர் கிரான்ட் ஷாப்ஸ், இங்கிலாந்தின் ரயில்களில் தேவையற்ற அறிவிப்புகளைக் களையப்போவதாக அறிவிக்கும் நிலை வந்தது. நினைவகத்தின் விலை வானத்தில் இருந்த 1968-ல் மூன்று சொல் போதும் என்று வெட்டியவர்களின் சிக்கனம், விலை தரைக்கு வந்த பிறகு காணாமல் போயிருந்தது.

அடுத்த மாற்றம் தொடங்கிவிட்டது. ஊர்ப்பெயர்களைத் துண்டு துண்டாகப் பதிவதற்கும் இனி ஆள் வேண்டாம், எழுத்தைக் கொடுத்தால் குரலாக்கும் மென்பொருள் போதும். ஸ்காட்லாந்தின் ஸ்காட்ரயில் நிறுவனம் ‘அயோனா’ என்ற செயற்கைக் குரலை ரயில்களில் விட்டது. 2025-ல் கேயான் பாட்டர் என்ற குரல் கலைஞர், அது தன்னுடைய குரல் என்று பகிரங்கமாகச் சொன்னார். 2021-ல் ரீட்ஸ்பீக்கர் என்ற நிறுவனத்துக்கு அவர் செய்துகொடுத்த பதிவுகளிலிருந்து உருவாக்கப்பட்ட குரல் அது. ரயிலில் ஒலிப்பதற்கு அவரிடம் யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பு வலுத்தபின், அந்தக் குரலை மாற்றப்போவதாக ஸ்காட்ரயில் அதே ஆண்டு அறிவித்தது. பேஸ்வாட்டர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உரிமைத்தொகை கேட்ட நடிகருக்காவது, தன் குரலைக் கொடுப்பதா வேண்டாமா என்று பேரம் பேச ஒரு வாய்ப்பு இருந்தது. பாட்டருக்கு அதுவும் கிடைக்கவில்லை. பதிவு செய்த குரலிலிருந்து இன்னொரு குரலை உண்டாக்கினால் அது யாருக்குச் சொந்தம் என்பதற்குப் பல நாடுகளில் இன்னும் தெளிவான சட்டம் இல்லை.